சுழி இருந்த இடம்

ஒரு மேகத்தில் மீன் கவிச்சி அடிக்கிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். மழை மேகம் இல்லை. நானூற்று ஐம்பது ஒளியாண்டு தள்ளிக் கிடக்கும், நட்சத்திரம் பிறக்கிற மேகம். அதற்குள் மெத்தில் அமீன் என்றொரு மூலக்கூறு உண்டு. சந்தையில் நேற்றைய சாளை மீனைக் கிளறினால் மூக்கில் ஏறுமே, அந்த நாற்றத்தில் இதற்கும் பங்கு இருக்கிறது. கேன்டீனில் வைத்து இதைச் சொன்னபோது எங்கள் இயக்குநர் நல்லபெருமாள் தயிர்ச்சாதத்தை அப்படியே மூடிவைத்துவிட்டார்.

என் பெயர் இசக்கியம்மாள். தென்காசிக்கு மேற்கே குருவிமொட்டை மலையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியில் முப்பத்தோரு வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். ரேடியோ அலைக்குப் பகல் இரவு பாகுபாடு கிடையாது. அதனால் நாங்கள் ஒன்பதரைக்கு வந்து ஐந்தரைக்குக் கிளம்பும் வானியலாளர்கள். கல்யாணத்துக்கு வரன் பார்த்த காலத்தில் என் அம்மா இதை ஒரு தகுதியாகவே சொல்லித் திரிந்தாள்.

வேலை இவ்வளவுதான். விண்வெளியில் மூலக்கூறுகள் சுழல்கின்றன. சுழலும்போது ஒவ்வொன்றும் தனக்கென்று குறித்த அலைவரிசையில் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு எங்கள் திரையில் ஒரு கோடாக எழும்பி நிற்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, இன்னார் என்று நான் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல எனக்கொரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை இங்கே பூமியில், ஆய்வகத்தில், யாராவது அளந்து தர வேண்டும்.

எங்களுக்கு அளந்து தந்தவர் சவரிராயன். வேம்பார்க் கடற்கரைக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தங்கச்சி என்பார். கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் துளி வாயுவை அடைத்துவைத்துக்கொண்டு, அதன் கோடுகளை ஒவ்வொன்றாக அளந்து தாளில் குறிப்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் நிஜத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் குணத்தால் எத்தனை சங்கடம் வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அளவைக் குறிப்புகள் எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும். நிறுவியவர் போட்டுவிட்டுப் போன உத்தரவு, எங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் இடித்தது. ஹைட்ரஜனுக்கு எடை கூடிய உடன்பிறப்புகள் இரண்டு. டியூட்டீரியம் ஒன்று, டிரிட்டியம் ஒன்று. ஆங்கிலத்தில் சுருக்கினால் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வரும். தமிழில் சுருக்கிப் பாருங்கள், இரண்டும் ‘டி’தான்.

சவரிராயன் அதற்கு வழி கண்டுபிடித்தார். டியூட்டீரியத்துக்கு டி. டிரிட்டியம் எடை கூடியது, ஆகவே நெடில், டீ. தலையில் ஒரு சுழி கூடுதல், அவ்வளவுதான். எல்லோருக்கும் சம்மதம். எட்டு வருஷம் அப்படியே ஓடியது, ஒரு குழப்பமும் வரவில்லை.

இரண்டாயிரத்து நாற்பத்தாறு ஆவணியில் அந்த மேகத்தில் ஒரு புதுக் கோடு பார்த்தேன். பட்டியலில் தேடினேன். ஹைட்ரஜனுக்குப் பதில் டீ ஏறிய மெத்தில் அமீனின் அலைவரிசைக்கு நேரே, பொருத்திவைத்தது போல நின்றது. மூன்று தடவை சரிபார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். சவரிராயன் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீயா? டி-யா இருக்கும். நல்லாப் பாருங்க” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“உங்க பட்டியல்ல டீன்னுதான் இருக்கு அண்ணாச்சி.”

துணியைக் கீழே வைத்தார். “டி எத்தனை கோடி வருசம் ஆனாலும் அப்படியே கிடக்கும். டீ அப்படி இல்ல. மாமாங்கத்துக்கு மாமாங்கம் பாதி செத்துப்போகும். பன்னெண்டு வருசத்துல பாதி, அடுத்த பன்னெண்டுல அதுல பாதி. உங்க மேகத்துக்கு வயசு என்ன?”

“இருபது லட்சம் வருசத்துக்குக் குறையாது.”

“அப்போ ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாதே.”

“இருக்கே.”

“இருந்தா, யாரோ உண்டாக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

டிரிட்டியம் வானத்தில் தானாகவும் உண்டாகும்தான், ஆனால் அது உறை ஊற்றக்கூடக் காணாது. இந்த அளவுக்கு வேண்டுமென்றால் அணு உலை வேண்டும். நட்சத்திரம் இன்னும் பிறக்காத மேகம் அது, உள்ளே கும்மிருட்டு, தாங்க முடியாத குளிர். அந்த இருட்டில் யாரோ உலை மூட்டிக் குளிர்காய்கிறார்கள், அதன் கழிவு வெளியே கசிந்து மெத்தில் அமீனோடு ஒட்டியிருக்கிறது. வேறு விளக்கம் எங்களுக்குத் தோன்றவில்லை.

சவரிராயன் ஒரு மாதம் கேட்டார். அளந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நல்லபெருமாளுக்கும் பொறுக்கவில்லை, புதிய தொலைநோக்கிக்கு அனுமதி வாங்கும் அவசரம் அவருக்கு. ஆறே நாளில் அறிவித்துவிட்டோம். மேடையில் பேசியவள் நான். சவரிராயன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் உலகமே எங்கள் மலையைப் பார்த்தது. மேகத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. மேகத்துக்காரர்கள் வந்து நம் நிலத்தைப் பிடுங்குவார்கள் என்று உண்ணாவிரதம் இருந்தவர்களும் உண்டு. டீக்கடைகளில் ‘அங்கேயும் டீ கிடைக்கிறது’ என்று பலகை தொங்கியது. பதினோராம் நாள் வெளிநாட்டுக் குழு ஒன்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதியது. அளந்த மூலத்தாளைக் காட்ட முடியுமா?

கோப்பை எடுத்துப் பிரித்தோம். தணிக்கைக்காக எல்லாத் தாள்களையும் பஞ்சிங் மெஷினில் வைத்து, இடது மேல் மூலையில் ஓட்டை போட்டு, டேக் கட்டியிருந்தார்கள். சவரிராயன் தலைப்பு எழுதுவதும் இடது மேல் மூலையில்தான். ட தெரிந்தது. அதன் வலப்பக்கம் மேலேறிய கோடு தெரிந்தது. சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. அந்த அலைவரிசையை அளந்த தாள் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஓட்டைக்குள்ளிருந்து விழுந்த காகிதப் பொட்டைத் தேடிக் குப்பைக்கூடை வரைக்கும் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நிஜமாகவே போனேன்.

மறுபடி அளந்துவிட்டால் போயிற்று என்று எல்லோருக்கும் தோன்றும். டியூட்டீரியத்தை வைத்து அந்த வெளிநாட்டுக் குழு அளந்தது. கோடு மயிரிழை தள்ளி விழுந்தது. அந்த மயிரிழை, மேகம் நகர்வதால் வந்ததா, எங்கள் பழைய கருவியின் பிசகா, இல்லை பொருளே வேறா, யாராலும் சொல்ல முடியவில்லை. டிரிட்டியத்தை வைத்து அளக்க வழியில்லை. உலக நாடுகள் எரிபொருள் ஒப்பந்தம் போட்ட பிறகு டிரிட்டியத்தில் ஒரு குன்றிமணி எடைகூட மின் உலைகளைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. சவரிராயன் அளந்தது ஒப்பந்தத்துக்கு முன்னால், இரவல் வாங்கிய குழாயில், நாலே நாள். கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்றால், மெத்தில் அமீன் ஒரு பக்கம் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே இன்னொரு பக்கம் குடை மாதிரி மடங்கி விரியும் மூலக்கூறு. கணக்குக்குள் நிற்காது.

விசாரணைக் குழு வைத்தார்கள். உள்ளே போவதற்கு முன் வராந்தாவில் வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், சுழி போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்கள் தலையும் தப்பும் என் தலையும் தப்பும் என்று கெஞ்சினேன். உள்ளே நேராகவே கேட்டார்கள், அந்த இடத்தில் சுழி இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று.

“அந்த நாலு நாள்ல ரெண்டையும் மாத்தி மாத்தி அளந்தேங்க” என்றார். “டீயாத்தான் இருக்கணும்னு மனசு சொல்லுது. ஆனா ஞாபகம் இல்ல. சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது.”

எனக்கு அவரை அங்கேயே அறையலாம் போல இருந்தது. அந்தக் கோபத்தில் இன்னொன்றை மறைத்துவிட்டேன். அந்தத் தாள்களைப் பார்த்துப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். டீ என்று தட்டியது என் விரல். ஓட்டை விழுவதற்கு முன் தட்டினேனா, விழுந்த பிறகா? சுழியைக் கண்ணால் பார்த்தேனா, இல்லை அடுத்த தாளில் டீ என்று இருக்கவே இதற்கும் அதையே தட்டிவிட்டேனா? எனக்கும் ஞாபகம் இல்லை. குழுவிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பட்டியல் யாருடையது என்று கேட்டபோது, சவரிராயனுடையது என்று நல்லபெருமாள் சொன்னார். சவரிராயன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

முறையற்ற பதிவு என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அதோடு சரி. அவர் கிளம்பின அன்று வாசல் வரைக்கும் போனேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அவர்தான் பேசினார். ஒரு மாமாங்கம் பொறுத்து மறுபடியும் அந்தக் கோட்டைப் பாருங்கள் என்றார். டி என்றால் கோடு அப்படியே நிற்கும், டீ என்றால் பாதியாகக் குறையும்.

எனக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிஷம்தான். அங்கே இருப்பவர்கள் இன்னும் உண்டாக்கிக்கொண்டே இருந்தால் என்று கேட்டேன். அப்போதும் அப்படியே நிற்கும் என்றார்.

அதாவது, குறைந்தால் அங்கே யாரோ இருந்தார்கள், இப்போது இல்லை. குறையாவிட்டால் யாருமே இருந்ததில்லை, அல்லது இன்னும் இருக்கிறார்கள். இதை நான் பன்னிரண்டு வருஷம் முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தோசையைப் புரட்டுவது போல எந்தப் பக்கம் புரட்டினாலும் மறுபக்கம் தீய்கிறது. சவரிராயன் பெயர் சுத்தமாக வேண்டும் என்றால் மேகத்தில் இருந்தவர்கள் செத்திருக்க வேண்டும். அவர்கள் உயிரோடு இருந்தால் அவர் பொய்யராகவே கிடக்க வேண்டும்.

போன சித்திரையில் தொலைநோக்கியில் நேரம் கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயது எனக்கு, ஓய்வு பெற இரண்டு வருஷம். மூன்று நாள் மேகத்தைக் கேட்டேன். கோடு நூற்றுக்கு ஐம்பத்தொன்றாக நின்றது. பாதி. அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் போன பிறகு எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை.

அந்தக் கோட்டைச் சுற்றிய குறுகலான பதிவை மட்டும்தான் பார்த்திருந்தேன். மேகத்தின் மற்றக் கோடுகள் எல்லாம் அடங்கிய அகலமான பதிவு வேறு கோப்பில் இருந்தது. அதைத் திறக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு வேம்பாருக்குப் பஸ் ஏறினேன்.

சவரிராயன் மச்சினருடைய ஐஸ் பிளாண்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினோரு மணி வெயில். உள்ளே நுழைந்ததும் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது, அதற்குமேல் மீன் கவிச்சி. பெரிய பெரிய ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து அரவை இயந்திரத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் அவர் மனைவி ரெஜினா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

“பன்னெண்டு வருசம் கழிச்சு வழி தெரிஞ்சுதாக்கும்” என்றார். அப்புறம் அவர் பேசினதை எல்லாம் எழுதினால் எனக்குத்தான் கேவலம். சுருக்கமாகச் சொன்னால், இந்த ஊரில் அவர்கள் வீட்டுக்கு டீக்காரர் வீடு என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருகிறார். விஷயம் தெரியாத புது ஆட்கள் இரண்டு ஸ்ட்ராங், ஒரு லைட் என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். கோயில் கமிட்டியில் கணக்கெழுத ஆள் தேடியபோது, எழுதினதை ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆள் வேண்டாம் என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். செத்துப்போகும் முன்னால் இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை என்று உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு கடிதாசி வரவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார் ரெஜினா.

அதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அப்போதுதான் நாற்காலியைத் தள்ளினார்.

சவரிராயன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. வாங்க தங்கச்சி என்றார், நேற்றுப் பார்த்துவிட்டுப் போன ஆளிடம் சொல்வது போல. மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாற்பத்தாறில் அந்த உயரம், இப்போது இந்த உயரம். டீதான் அண்ணாச்சி, நீங்கள் அளந்தது டீதான், இதைக் காட்டினால் விசாரணையை மறுபடி திறந்தே ஆகவேண்டும் என்று மளமளவென்று சொன்னேன். ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டார். சவரிராயன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

“பாதியாயிட்டுதா” என்றார். “குறையக் கூடாது, குறையக் கூடாதுன்னுல்லா நான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

ரெஜினாவுக்கு வந்ததே கோபம். யாருக்காக வேண்டினீங்க, எனக்காகவா, பிள்ளைகளுக்காகவா என்று கேட்டார். அவர் வரைபடத்தில் விரலை வைத்தார்.

“பக்கத்துக் கோடெல்லாம் எப்படி நிக்கி?”

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே தெரியும். இன்னும் பார்க்கவில்லை என்றேன். பார்ப்போமே என்றார். வேறு வழியில்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

மழை பெய்த மறுநாள் புல் முளைத்த மாதிரி திரை முழுக்கக் கோடுகள் நின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வெறும் தரையாக இருந்த இடமெல்லாம் நிறைந்திருந்தது. மெத்தனால், நீராவி, இன்னும் பத்துப் பதினைந்து. எல்லாமே சூடு பட்டால் வெளியே வருகிற சரக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“தூசியில பனியா ஒட்டிக்கிட்டுக் கிடந்ததெல்லாம் உருகி வெளிய வந்திருக்கு” என்றார், ரெஜினாவுக்கும் புரியும்படி. “உள்ள நட்சத்திரம் பத்திக்கிட்டுது.”

“நல்லதுதான?” என்றார் ரெஜினா.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நட்சத்திரம் பற்றிக்கொண்டது என்றால் அந்தச் சூட்டில் மெத்தில் அமீனும் உடைந்திருக்கலாம். டீ செத்துத்தான் கோடு குறைந்தது என்பதற்கு இனி உறுதியில்லை. வெறும் டி-யாக இருந்தாலும் இந்தச் சூட்டில் குறைந்திருக்கும். பாதியாக நின்றது தற்செயலாகவும் இருக்கலாம். நான் கொண்டுவந்த கடிதாசி, இந்த ஒரு கோப்பைத் திறந்ததும் செல்லாமல் போய்விட்டது.

அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மடிக்கணினியைப் பாதி மூடினேன். “அண்ணாச்சி, அகலமான பதிவை யாரும் கேக்கல. நம்ம மூணு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு கோடு போதும். உங்க பேரு வந்துரும்.”

ரெஜினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அவர் யோசித்தார். அறுபத்து மூன்று வயது மனிதர், டீக்காரர் என்று பெயர் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஐஸ் அளந்தவர், யோசிக்கத்தானே செய்வார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வேற யாரும் கேக்காட்டா என்ன, நாம கேட்டுட்டோமே” என்றார்.

ரெஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினேன். உங்களுக்கு என்னதான் வேண்டும், சந்தோஷப்பட இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நிஜமாகவே அவர் முகம் தெளிந்திருந்தது.

“எங்க ஊர்க்காரன் கடலுக்குப் போனா லைட்ட ஏத்திக்கிட்டுத்தான் போறான்” என்றார். “விடிஞ்சா அமத்திருவான். அவங்களும் விடிஞ்சிட்டுதுன்னு உலையை அமத்தியிருக்கலாம்லா.”

“வெந்தும் போயிருக்கலாம்.”

“போயிருக்கலாம்.”

“ஆளே இல்லாம வெறும் டி-யாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம். முன்ன குறைஞ்சா செத்தாங்கன்னு ஒரே வழிதான இருந்துச்சு. இப்ப மூணு வழி இருக்கு தங்கச்சி.”

அவருடைய பெயருக்காக வந்தேன். அது அந்த மேகத்தில் கிடைக்காது, இன்னொரு மாமாங்கம் போனாலும் கிடைக்காது. இவருக்கு அதைப் பற்றிக் கவலை இருப்பதாகவும் தெரியவில்லை. ரெஜினாவின் முதுகு மட்டும் ஜன்னலோரம் குலுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேகம் தர முடியாததில் ஒரு பாதியை நான் தர முடியும். பன்னிரண்டு வருஷமாகவே தந்திருக்க முடியும்.

“ரெஜினாக்கா” என்றேன். “அந்தப் பட்டியல அடிச்சது நான். டீன்னு அடிச்சது நான்தான். சுழியப் பாத்து அடிச்சேனா, பாக்காம அடிச்சேனான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா அண்ணாச்சியோட சேந்து நானும் போயிருப்பேன். பயந்துட்டேன்.”

ரெஜினா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுமா?”

சவரிராயன் மேசையில் கிடந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். “தெரியும்.”

“எங்கிட்டகூடச் சொல்லல.”

“பாத்தாங்களா, பாக்கலியான்னு அவங்களுக்கே தெரியாதுல்லா. தெரியாத ஒண்ண எப்படி இன்னொருத்தர் மேல போட?”

ரெஜினா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசை இழுப்பறையைத் திறந்து, ஐஸ் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்தார். பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அதுவரைக்கும் நீங்க, வாங்க என்று பேசினவர்.

“இங்கயே உக்காந்து எழுது” என்றார். “எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

சவரிராயன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ரெஜினா அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் ஐஸ் பாளங்களைப் பார்க்கப் போய்விட்டார். அகலமான பதிவில் இருந்த எல்லாக் கோடுகளையும் அனுப்புவதாக விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். இந்த மேகத்தில் யார் இருந்தார்கள், இருக்கிறார்கள், இல்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். பிறகு இரண்டாவது தாளை எடுத்து, பட்டியல் யாருடையது என்று அன்றைக்குக் குழு கேட்ட கேள்வியை எழுதி, அதற்கு நேரே என் பெயரை, அப்பா பெயர், பதவி எல்லாம் சேர்த்து, முழுசாக எழுதினேன்.